கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் "ஒண்ணுமில்லை" என்றே போடச் சொல்கிறார் அம்மா. என்ன செய்வது?

காப்பிக்காட்டு மகள், ஏற்காடு:

வணக்கம். எங்கள் வீடு நாகலூர்ப் பக்கம். அம்மாவுக்கு 61 வயது, மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கீமோ போய்க்கொண்டிருக்கிறது. முதலில் அந்தச் சிவப்பு மருந்து நாலு தடவை, இப்போது பாக்லிடாக்சல் என்கிற மருந்து, அதில் இரண்டு முடிந்து இன்னும் இரண்டு பாக்கி. 21 நாளுக்கு ஒரு தடவை 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் போகிறோம், மாலையில் மறுபடி ஏறுகிறோம்.

போன தடவை ஊசி போடும் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒரு தாளைக் கொடுத்தார்கள். தமிழில்தான் இருந்தது, மொத்தம் 30 கேள்வி. அதிக தூரம் நடக்கக் கஷ்டமா, தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, கவலையாக இருந்ததா, பணக் கஷ்டம் வந்ததா என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். அம்மாவுக்குத் தமிழ் படிக்க வரும், கொஞ்சம் மெதுவாகப் படிப்பார். ஆனால் தாளை வாங்கியதுமே என்னிடம் தள்ளிவிட்டு, "எல்லாத்துக்கும் ஒண்ணுமில்லைன்னே போட்டுக் குடு கண்ணு, இருக்குன்னு போட்டா மருந்த நிறுத்திப்புடுவாங்க" என்றார். நானும் அப்படியே போட்டுக் கொடுத்துவிட்டேன். மூணு நிமிஷத்தில் வேலை முடிந்தது. டாக்டர் உள்ளே "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டார், அம்மா "பரவாயில்லைங்க சார்" என்றார்.

அதற்கு நாலு நாள் கழித்து என் மகள் சொல்லித்தான் தெரிந்தது. அவள் ஏழாவது படிக்கிறாள். "அம்மாயிக்கு ஜாக்கெட் கொக்கி மாட்டிவிட்டுட்டுத்தாம்மா தினமும் ஸ்கூலுக்குக் கிளம்புறேன்" என்றாள். விரல் நுனியெல்லாம் மதமதவென்று இருக்கிறதாம், கொக்கி கைக்கு அகப்படவே மாட்டேன் என்கிறதாம். நான் காலை ஆறரைக்கே வேலைக்குப் போய்விடுவதால் என் கண்ணில் படவே இல்லை. அதற்கப்புறம்தான் கவனித்துப் பார்த்தேன், டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார், படி இறங்கும்போது காலால் தடவித் தடவி இறங்குகிறார். முப்பது வருஷம் காப்பிப் பழம் பறித்த கை அது. ஒரே கூரைக்குள் இருந்துகொண்டு எனக்கு இது தெரியாமல் போனதை நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பாடே இறங்கவில்லை.

அந்தத் தாளில் உண்மையைப் போட்டால் நிஜமாகவே மருந்தை நிறுத்திவிடுவார்களா? அம்மா பொய் சொல்லச் சொன்னால் நானாவது உண்மையைப் போட்டுவிடலாமா, இல்லை அது அவர் சொல்ல வேண்டியதா? எல்லாவற்றுக்கும் மேலே, அந்தத் தாளை யாராவது படிக்கிறார்களா?

தறிக்காரன், அம்மாபேட்டை:

தங்கச்சி, மற்ற கேள்விக்கெல்லாம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அம்மா சொன்ன அதே வார்த்தையை நானும் சொன்னவன்.

எனக்குப் பெருங்குடலில். ஆபரேஷனுக்கு அப்புறம் ஆக்சாலிபிளாட்டின் என்கிற மருந்து போட்டார்கள். ஊசி போட்ட அடுத்த நாள் பானைத் தண்ணீரில் கை வைத்தால் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கும், சில்லென்று எதையும் குடிக்க முடியாது, தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் அது நாலைந்து நாளில் போய்விடும். பிறகு பத்து நாள் ஆனது. அதற்கும் பிறகு அடுத்த ஊசி வரைக்கும் போகவே இல்லை. ஒவ்வொரு தடவையும் நர்ஸம்மா "கை கால் மரத்துப்போகுதாங்களா?" என்று கேட்டார், ஒவ்வொரு தடவையும் நான் "அதெல்லாம் இல்லைங்க" என்றேன். இருக்கிறது என்று சொன்னால் மருந்தைக் குறைப்பார்கள், குறைத்தால் நோய் திரும்பி வந்துவிடும் என்று என் மனதில் ஒரே கணக்கு.

கேட்டவர் மேல் ஒரு தப்பும் இல்லை, மறைத்தது நான். எல்லாம் முடிந்து மூணு வருஷம் ஆகிறது, ஸ்கேனில் ஒன்றும் இல்லை, அது பெரிய நிம்மதிதான். ஆனால் என் தொழில் தறி. பாவில் ஒரு இழை அறுந்தால் அதைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும், பட்டு இழை தலைமுடியை விட மெல்லிசாக இருக்கும், அதைக் கண்ணால் பார்ப்பதை விட விரலால்தான் பார்ப்போம். அந்த விரல் இப்போது எனக்கு இல்லை. இழை அறுந்தால் வீட்டுக்காரியைக் கூப்பிடுகிறேன், அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போகிறாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருவாள்?

பிறகுதான் டாக்டர் விளக்கினார், இந்த மரமரப்பு ஊசி ஏற ஏறச் சேர்ந்துகொண்டே போகிற விஷயமாம், மருந்தை நிறுத்தின பிறகும் கொஞ்ச நாள் கூடுமாம். நடுவிலேயே தெரிந்திருந்தால் அளவைக் குறைத்திருப்போம், இல்லையென்றால் அந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடர்ந்திருப்போம் என்றார். உங்கள் அம்மாவுக்கு இன்னும் இரண்டு ஊசி பாக்கி என்கிறீர்கள். அடுத்த ஊசி ஏறும் முன்னால் இதைச் சொல்லிவிடுங்கள். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாலும் சரி.

வார்டு சிஸ்டர்:

புற்றுநோய் வார்டில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது இ.ஓ.ஆர்.டி.சி. கேள்வித்தாளாகத்தான் இருக்க வேண்டும், கியூ.எல்.கியூ. சி30 என்பார்கள். அந்தப் பெயருள்ள ஐரோப்பியப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு உருவாக்கி 1993ல் வெளியிட்டது, தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. முதல் 28 கேள்விக்கு நான்கு கட்டம், "இல்லவே இல்லை"யில் ஆரம்பித்து "மிக அதிகம்" வரை. கடைசி இரண்டுக்கு மட்டும் 1 முதல் 7 வரை எண், உடல்நலம் மொத்தத்தில் எப்படி, வாழ்க்கை மொத்தத்தில் எப்படி என்று. இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பெரும்பாலான கேள்விகள் "கடந்த ஒரு வாரத்தில்" என்று கேட்கின்றன. 21 நாள் இடைவெளியில் கீமோ போகிறவருக்கு, ஊசி போடும் அன்றைக்கு இந்தத் தாளைக் கொடுத்தால் அவர் சொல்வது 15ஆம் நாளிலிருந்து 21ஆம் நாள் வரைக்குமான கதை. அதுதான் மூன்று வாரத்தில் நல்ல வாரம்! வாந்தி, வாய்ப்புண், எழுந்திருக்க முடியாத அசதி எல்லாம் அதற்கு முன்பே வந்து போயிருக்கும். உங்கள் அம்மா உண்மையைப் போட்டிருந்தால்கூடப் பாதிதான் தாளில் வந்திருக்கும். அதனால் வீட்டில் ஒரு நோட்டு போடுங்கள். ஊசி போட்ட நாளை 1 என்று வைத்து, தினம் ஒரு வரி எழுதினால் போதும்.

அந்த நோட்டு இருக்கிறதோ இல்லையோ, இதற்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரி வந்தால், நடுராத்திரியானாலும் உடனே போன் செய்துவிட்டுக் கீழே இறங்குங்கள். கீமோவில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் காய்ச்சல் என்பது அவசரம். நீங்கள் மலை மேல் இருப்பதால் இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்கட்டும்.

யார் நிரப்புவது என்று கேட்டிருந்தீர்கள். அம்மாதான். உடம்பு அவருடையது. படிக்கச் சிரமம் என்றால் நீங்கள் வாசித்துக் காட்டலாம், ஆனால் இருப்பதை இருக்கிறபடி வாசிக்க வேண்டும். வார்டில் தினமும் பார்க்கிறேன், தாளில் "வலி இருந்ததா?" என்று இருக்கும், மகன் அதை "வலி ஒண்ணும் இல்லைதானேப்பா?" என்று வாசிப்பார். அப்பா தலையாட்டுவார். கேட்ட விதத்திலேயே பதில் போய்விட்டது. நீங்கள் கவனித்த கொக்கி, டம்ளர் எல்லாம் மிகவும் முக்கியம், அதைத் தாளில் அம்மா பெயரில் போடாமல் தனியாக டாக்டரிடம் சொல்லுங்கள்.

மருந்தை நிறுத்துவார்களா என்றால், நிறுத்தவே மாட்டார்கள் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. அளவைக் குறைப்பதும் உண்டு, இடைவெளியை மாற்றுவதும் உண்டு, வேறு மருந்துக்குப் போவதும் உண்டு, சில சமயம் நிறுத்துவதும் உண்டு. ஆனால் அது தெரிந்து எடுக்கிற முடிவு. அம்மாவையே நேராகக் கேட்கச் சொல்லுங்கள், "குறைச்சா நோய்க்குப் பாதகமாகுமாங்க?" என்று. கேட்டால் பதில் சொல்வார்கள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

சிஸ்டர் சொல்வதெல்லாம் சரியாக இருக்கலாம். ஆனால் நடப்பதையும் ஒருத்தர் சொல்ல வேண்டும் அல்லவா?

என் அப்பாவுக்கு நுரையீரலில். இதே போன்ற தாளை நாலு தடவை கொடுத்தார்கள். அப்பா ஒவ்வொரு கேள்விக்கும் யோசித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் எடுத்து நிரப்புவார். மூச்சு வாங்குவதை, ராத்திரி படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருப்பதை, எல்லாவற்றையும் போட்டார். யாரோ வந்து வாங்கிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். உள்ளே போனால் டாக்டர் ஸ்கேனைப் பார்ப்பார், ரத்தப் பரிசோதனையைப் பார்ப்பார், அந்தத் தாள் மேஜைக்கு வந்ததே இல்லை. நாலாவது தடவை அப்பா பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, "இதுக்கு எவனும் பதில் சொல்லப் போறதில்ல, விடு" என்றார். வலியை விட அதுதான் அவரை அதிகம் உடைத்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கேட்காமலே இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கேட்டுவிட்டுப் படிக்காமல் விடுவதை நான் என்னவென்று சொல்ல?

ஒரு ஓ.பி.யில் நூறு பேர் நிற்கிறார்கள், டாக்டருக்கும் நேரம் இல்லை, எனக்குப் புரிகிறது. அப்படியானால் தாளைக் கொடுக்காதீர்கள்.

வார்டு சிஸ்டர்:

உங்கள் அப்பாவுக்கு நடந்தது தப்பு. அதற்கு நான் சமாதானம் சொல்ல வரவில்லை.

இந்த விஷயத்தில் ஆராய்ச்சி காட்டியதும் நீங்கள் சொல்வதைத்தான். நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் என்ற புற்றுநோய் மையத்தில் ஈதன் பாஷ் என்ற டாக்டரும் அவர் குழுவும் 766 நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள், எல்லோரும் நோய் பரவிய நிலையில் கீமோ எடுத்தவர்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பகுதியினர் பசி, வலி, மூச்சிரைப்பு, மரமரப்பு என 12 தொந்தரவுகளைக் கம்ப்யூட்டர் வழியாகத் தாங்களே பதிவு செய்தார்கள். ஏதாவது கடுமையானால், திடீரென்று கூடினால், நர்ஸுக்கு உடனே மின்னஞ்சல் போய்விடும். அப்படி வந்த எச்சரிக்கைகளில் நான்கில் மூன்றுக்கும் மேல் நர்ஸ்கள் ஏதாவது செய்தார்கள். போன் செய்து பேசினார்கள், மருந்தை மாற்றினார்கள், வரச் சொன்னார்கள். 2017ல் வந்த முடிவு என்னவென்றால், தாங்களே பதிவு செய்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம். அவசர சிகிச்சைக்கு வந்தவர்களும் குறைவு, 41 சதவீதத்துக்குப் பதில் 34. கம்ப்யூட்டர் பழக்கமே இல்லாதவர்களுக்குத்தான் பலன் இன்னும் கூடுதலாக இருந்தது என்பது எனக்குப் பிடித்த பகுதி, நம் ஊர் ஆட்களை நினைத்துக்கொள்வேன்.

ஆனால் எல்லா ஆய்வும் ஒரே மாதிரி சொல்லவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு அமெரிக்காவில் 52 உள்ளூர்ப் புற்றுநோய் மையங்களில் 1191 பேரை வைத்து இதே குழு பெரிதாகச் செய்தபோது ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. நடமாட்டம், தொந்தரவு குறைவது, வாழ்க்கைத் தரம் இவையெல்லாம் நன்றாக இருந்தன, முதல் தடவை அவசர சிகிச்சைக்கு ஓடும் நாளும் தள்ளிப்போனது. என் மனதுக்கு அதுவே போதும்.

ஆக, தாளால் மட்டும் ஒன்றும் ஆகாது. அதைப் பார்த்து ஒருவர் போனை எடுக்க வேண்டும். எங்கள் வார்டில் கம்ப்யூட்டர் ஏற்பாடெல்லாம் இல்லை. நாங்கள் செய்வது, தாளை வாங்கியதும் "மிக அதிகம்" என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, அந்த வரியைச் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு, கேஸ் ஷீட்டுக்கு மேலே பின் பண்ணிவிடுவோம். அரை நிமிஷ வேலை. டாக்டர் கண்ணில் முதலில் படுவது அந்த வட்டம். மகளுக்கும் அதையே சொல்கிறேன், உங்கள் ஊரில் யாரும் வட்டம் போடவில்லை என்றால் நீங்களே போட்டு, தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். கொடுப்பதற்கு முன் செல்லில் ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

மருமகள், கன்னங்குறிச்சி:

என் மாமியாருக்கு 80 நெருங்குகிறது. அவரிடம் "வலி 0 முதல் 10க்குள் எவ்வளவு?" என்று கேட்டால் முகத்தையே பார்ப்பார். "வலிக்கு ஏதுடி கணக்கு?" என்பார். ஒரு நாள் தற்செயலாக, "சரி அத்தை, ரூபாய்க்கு எத்தனை அணா வலிக்குது?" என்று கேட்டேன். உடனே "இன்னிக்குப் பன்னெண்டணா" என்றார். அதிலிருந்து தினமும் அணாக் கணக்குதான். வலி மருந்து மாற்றின மறுநாள் "ஆறணா" என்றார், நான் அதையே டாக்டரிடம் சொன்னேன், அவரும் புரிந்துகொண்டார்.

உங்கள் அம்மாவிடம் "மரத்துப்போகுதா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்வார். கொக்கி எத்தனை மாட்டினார், சட்டி இறக்கினாரா, மிளகு ஆய முடிந்ததா என்று கேளுங்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உடம்பைப் பற்றிப் பேசத்தான் கூச்சம், வேலையைப் பற்றிக் கேட்டால் தாராளமாகச் சொல்வார்கள்.

அப்புறம் அந்தப் பணக் கஷ்டக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நாங்கள் கௌரவம் பார்த்து முதலில் "இல்லை" என்று போட்டோம். பிறகு உண்மையைப் போட்டதும்தான், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எது சேரும் என்று கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்கள். வீட்டுக்கே வந்து பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி, ஆதரவு சிகிச்சையும் இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

காப்பிக்காட்டு மகள், ஏற்காடு:

எல்லோருக்கும் நன்றி. தறிக்கார அண்ணா எழுதியதை நேற்று ராத்திரி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இழையைக் கையால் தேடும் இடம் வந்ததும் "மறுபடி படி" என்றார். படித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கையைப் பிரித்துக் காட்டி, "பாக்கத்தான் நல்லாருக்கு கண்ணு, பழம் பழுத்ததா காயான்னு தொட்டா தெரியமாட்டேங்குது" என்றார். இரண்டு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் குறை அது.

இன்று காலையே அந்த மருத்துவமனைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் விவரத்தைக் குறித்துக்கொண்டு, வியாழக்கிழமை ஊசிக்கு முன்னால் டாக்டரைத் தனியாகப் பார்க்கச் சொன்னார். செவ்வாய்ப்பேட்டை சகோதரரே, உங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டேதான் போனில் இரண்டு தடவை கேட்டேன், "எழுதிக்கிட்டீங்களா?" என்று. எழுதிக்கொண்டதைத் திரும்ப வாசித்துக் காட்டினார்.

நோட்டும் ஆரம்பித்தாகிவிட்டது, என் மகளின் பழைய கணக்கு நோட்டு. அம்மா சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். இன்றைக்கு எழுதியது: "17ஆம் நாள். தூக்கம் வந்தது. காப்பி கசக்கவில்லை. கொக்கி அஞ்சில் ரெண்டு நானே மாட்டினேன். கட்டைவிரல் பரவாயில்லை, மற்ற விரல் மதமதப்பு."

அஞ்சில் இரண்டு என்றால் தாளில் "கொஞ்சம்" என்ற கட்டத்தில் போடுவதா, அதற்கு அடுத்த கட்டத்தில் போடுவதா என்று அம்மா என்னைக் கேட்டார். உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படியே போடுங்கம்மா என்று பேனாவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.